பதற்றக் கோளாறுச் சிகிச்சையும் மூளைப் படமும்: எந்த ஆய்வகத்துக்குப் போஸ்ட்டாக் போவது?

அலைவரிசை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். உயிர்மருத்துவப் பொறியியலில் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு, வாய்மொழித் தேர்வுக்காகச் சென்னையில் காத்திருக்கிறேன். ஓய்வு நிலையில் எடுக்கப்பட்ட, மூளையின் செயல்பாட்டைக் காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. படத் தரவுகளிலிருந்து இரைச்சலை நீக்கும் கணக்கீட்டு முறைகளே என் ஆய்வுப் பொருள். பொதுவில் கிடைக்கும் தரவுகளை மட்டுமே கையாண்டதால், நோயாளி ஒருவரையும் இதுவரை நான் நேரில் ஸ்கேன் செய்ததில்லை.

அடுத்து, பதற்றக் கோளாறுகளுக்கான சிகிச்சையை மூளைப் படங்களோடு சேர்த்து ஆராயும் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு) பணியில் சேர விரும்புகிறேன். இரண்டு வாய்ப்புகள் பேச்சளவில் கனிந்திருக்கின்றன. ஒன்று அமெரிக்கப் பல்கலைக்கழகக் குழு ஒன்றில். பதற்றக் கோளாறு உள்ள 12 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளுக்கு சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை அளித்து, அதற்கு முன்னும் பின்னும் அவர்களுடைய மூளையைப் படமெடுக்கிறார்கள். மூன்று ஆண்டுகளில் 60 பேரைச் சேர்ப்பது அவர்களுடைய இலக்கு. மற்றொன்று ஜெர்மனியில். அவர்கள் புதிதாக யாரையும் ஸ்கேன் செய்வதில்லை. அமெரிக்கப் பிள்ளைகளைப் பற்றிய ஏபிசிடி, பிரிட்டனின் யுகே பயோபேங்க் போன்ற பெரிய தரவுத் தொகுப்புகளில் இயந்திரக் கற்றல் முறைகளைப் பொருத்தி, யாருக்குப் பதற்றம் வரும் என்பதைக் கணிக்க முயல்கிறார்கள்.

வெறும் 60 பேரை வைத்து இனி எந்த ஆய்விதழையும் நம்பவைக்க முடியாது என்றும், பெரிய தரவுப் பக்கம் போவதே அறிவுடைமை என்றும் என் நெறியாளர் கருதுகிறார். எனக்கோ சிகிச்சையின் அருகில் இருக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. இந்தப் படங்களால் நோயாளிக்குக் கிடைக்கும் சிகிச்சையில் உண்மையிலேயே ஏதேனும் மாறியிருக்கிறதா, உளவியல் பயிற்சி இல்லாத ஒரு பொறியாளர் அங்கே போய் என்ன செய்ய முடியும், விசா மற்றும் நிதி நிலவரம் எப்படி என்பவற்றை அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.


குறிஞ்சி எழுதியது:

இத்துறையிலேயே பல ஆண்டுகளாக இருப்பவள் என்பதால் சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேரடியான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் முடிவைப் பார்த்து ‘உங்களுக்கு சிபிடி, உங்களுக்கு மாத்திரை’ என்று பதற்ற நோயாளிகளைப் பிரித்து அனுப்பும் நடைமுறை எந்த நாட்டின் வழக்கமான மருத்துவத்திலும் இன்று இல்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஆராய்ச்சி நடந்த பிறகும் நிலைமை இதுதான் என்பதை அறிந்துகொண்டே நீங்கள் உள்ளே வர வேண்டும்.

தொடக்கம் நம்பிக்கை தருவதாகவே இருந்தது. ஸ்வீடனின் உப்சாலாவில் 2002இல் வெளியான ஆய்வொன்றில், சமூகப் பதற்றக் கோளாறு உள்ள 18 பேரை மூன்று பிரிவுகளாக்கி, ஒரு பிரிவுக்கு சிட்டலோபிராம் மாத்திரையையும் இன்னொன்றுக்குக் குழுவாக சிபிடியையும் கொடுத்து, மூன்றாவது பிரிவைக் காத்திருக்க வைத்தார்கள். பிறர் முன்னிலையில் பேசவைத்துக்கொண்டே பெட் ஸ்கேன் எடுத்தபோது, சிகிச்சை பெற்ற இரு பிரிவினரிலும் அச்சத்தோடு தொடர்புபடுத்தப்படும் சிறு மூளைப் பகுதியான அமிக்டலாவுக்குப் போகும் இரத்த ஓட்டம் குறைந்திருந்தது. மாத்திரையும் பேச்சும் ஒரே இடத்தில் போய்ச் சேருகின்றன என்ற அந்தச் சித்திரம் பலரையும் ஈர்த்தது. பதற்றக் கோளாறுகளில் அமிக்டலாவும், உடல் உணர்வுகளோடு தொடர்புடைய இன்சுலா என்ற பகுதியும் மிகையாகச் செயல்படுகின்றன என்று 2007இல் எட்கின், வேகர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியபோது அந்தச் சித்திரம் மேலும் உறுதிப்பட்டது.

அது அவ்வளவு எளிதில்லை என்பது பின்னர்தான் தெரிந்தது. இருபக்க அமிக்டலாவும் சிதைந்துபோன மூவரை 35 சதவீதக் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றைச் சுவாசிக்கச் செய்தபோது, மூவருக்கும் கடுமையான பீதித் தாக்குதல் ஏற்பட்டதாக அயோவா குழுவினர் 2013இல் வெளியிட்டார்கள். பாம்பைக் கண்டும் அஞ்சாத பெண் என்று புகழ்பெற்ற, எஸ்.எம். என்று மட்டும் குறிப்பிடப்படும் நோயாளியும் அவர்களில் ஒருவர். அமிக்டலா இல்லாமலேயே பீதி வருமென்றால் அதை ‘அச்சத்தின் இருப்பிடம்’ என்று எப்படி அழைப்பது? அச்சுறுத்தலுக்கு உடல் எதிர்வினை காட்டும் சுற்றும், அச்சத்தை நாம் உணரும் சுற்றும் வேறு வேறு என்று லெடூ, பைன் இருவரும் 2016இல் வாதிட்டார்கள். நான் படித்தவற்றில் சிந்தனைக்கு மிகுதியாகத் தீனி போட்ட கட்டுரைகளில் அதுவும் ஒன்று.

இப்போது உங்கள் நெறியாளரின் கவலைக்கு வருகிறேன். அதில் நியாயம் உண்டு. பணி கொடுத்து எடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. அளவீடுகளை ஒரே நபரிடம் மீண்டும் எடுத்தால் எந்த அளவுக்கு ஒத்துவருகின்றன என்பதை 2020இல் எலியட் குழுவினர் தொகுத்துப் பார்த்தபோது, நம்பகக் கெழு (முழுமையாக ஒத்துவந்தால் அது 1) ஏறத்தாழ 0.4 என்ற அளவிலேயே நின்றது. ஒரு மனிதரை இன்னொருவரிடமிருந்து பிரித்தறிய இது போதாது. மூளைக்கும் நடத்தைக்கும் இடையிலான தொடர்பை மக்கள் கூட்டத்தில் தேடுவதற்கு ஆயிரக்கணக்கானோர் தேவை என்று 2022இல் நேச்சர் இதழில் மாரெக் குழுவினர் காட்டியதையும் அவர் மனத்தில் வைத்துத்தான் சொல்லியிருப்பார்.

ஆனால் மாரெக் கட்டுரை நபருக்கு நபர் உள்ள வேறுபாட்டைப் பற்றியது. ஒரே ஆளிடம் ஒரு தலையீட்டுக்கு முன்னும் பின்னும் ஏற்படும் மாற்றத்தை அளப்பது வேறு கேள்வி. அதற்கு ஆயிரம் பேர் வேண்டியதில்லை. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மருந்து எடுக்காத 69 பிள்ளைகளிடம் சிபிடிக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவீடுகளை 2024இல் வெளியிட்டார்கள். கவனத்தைக் கட்டுப்படுத்தும் முன்மூளை-பக்கமூளைப் பகுதிகளின் மிகைச் செயல்பாடு சிகிச்சைக்குப் பின் ஆரோக்கியமான பிள்ளைகளின் அளவுக்கு இறங்கியிருந்தது; வலது அமிக்டலா உள்ளிட்ட சில பகுதிகள் மட்டும் அதன் பிறகும் உயர்ந்தே இருந்தன. குணமான பிள்ளையின் மூளையில் எது மாறவில்லை என்று கேட்க வைக்கும் இத்தகைய முடிவு எத்தனை லட்சம் பேரின் தரவிலிருந்தும் கிடைக்காது, ஏனென்றால் அந்தத் தொகுப்புகளில் யாருக்கும் ஆய்வாளர் சிகிச்சையைப் பிரித்துக் கொடுக்கவில்லை. ஏபிசிடி ஏறத்தாழ 11,880 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து வருகிறது. கவனிப்பது மட்டுமே அதன் வேலை.

பொறியாளருக்கு அங்கே என்ன வேலை என்கிறீர்கள். தலை அசைவு, மூளைப் பகுதிகளுக்கிடையிலான ஓய்வுநிலை இணைப்புகளை எப்படிப் பொய்யாக மாற்றிக் காட்டும் என்பதை 2012இல் வெளியான கட்டுரைகள் வெளிச்சமிட்டன. அது உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். பதற்றமுள்ள பிள்ளையிடம் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. அவள் முதல் ஸ்கேனில் பயந்து வேகமாக மூச்சு விடுகிறாள். இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. அதன் அழுத்தம் ஒரு மில்லிமீட்டர் பாதரசம் குறைந்தாலே மூளையின் இரத்த ஓட்டம் ஏறத்தாழ 3 முதல் 4 சதவீதம் வரை இறங்கக்கூடும். நாம் அளக்கும் சமிக்ஞை அந்த இரத்த ஓட்டத்தையே நம்பியிருக்கிறது. மூன்று மாதம் கழித்து, இடமும் மனிதர்களும் பழகிவிட்டதால், நிதானமாக மூச்சு விட்டபடி படுக்கிறாள். இரண்டு படங்களுக்கும் இடையில் தெரியும் வேறுபாட்டில் சிகிச்சையின் பங்கு எவ்வளவு, மூச்சின் பங்கு எவ்வளவு? அமிக்டலாவோ எலும்பும் காற்றறையும் சூழ்ந்த இடத்துக்கு அருகில், சமிக்ஞை எளிதில் தேய்ந்துபோகும் பகுதியில் இருக்கிறது. 3 மில்லிமீட்டர் கனசதுரங்களாகப் படமெடுத்தால் ஒரு பக்கத்துக்கு அறுபது கனசதுரம் கிடைத்தாலே அதிகம். மூச்சுப் பட்டையும் நாடித்துடிப்பு உணரியும் மாட்டி, அந்தப் பதிவுகளை ஒழுங்காகச் சேமித்து, அவற்றின் விளைவைக் கழித்துக் காட்டக்கூடிய ஒருவருக்காக எத்தனையோ சிகிச்சை ஆய்வகங்கள் காத்திருக்கின்றன.


மருந்துச்சீட்டு எழுதியது:

நான் குழந்தைகள் மனநல மருத்துவர். மூளைப் பட ஆய்வாளர் அல்லேன். ஆயினும் இத்தகைய ஆய்வு ஒன்றுக்கு நோயாளிகளை அனுப்பிய அனுபவம் உண்டு என்பதால், ஸ்கேன் அறைக்கு வெளியே நடப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

ஸ்கேன் எடுக்க ஒப்புக்கொள்ளும் பிள்ளை, பதற்றமுள்ள பிள்ளைகளிலேயே துணிச்சலானது. குறுகிய குழாய்க்குள் தலையைக் கூண்டில் பொருத்திக்கொண்டு, 100 டெசிபெலைத் தாண்டக்கூடிய தட்டல் சத்தத்தில் ஒரு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று சொன்னதுமே, எனக்குத் தெரிந்த மிகக் கடுமையான நோயாளிகள் மறுத்துவிட்டார்கள். பல்லுக்குக் கம்பி போட்டிருப்பவர்களை உலோகம் படத்தைக் கெடுக்கும் என்று பெரும்பாலும் விலக்கிவிடுவார்கள். இந்த வயதில் பாதி வகுப்பே கம்பியோடுதான் திரிகிறது. அதன் பிறகு அசைவு மிகுந்த படங்களைக் கழிக்கிறீர்கள். இறுதியில் கையில் எஞ்சுவது யாருடைய பதற்றம் என்று நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நல்ல குழுக்கள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. காந்தம் இல்லாத போலி ஸ்கேனர் ஒன்றை வைத்து, பதிவுசெய்த சத்தத்தை ஓடவிட்டு, பிள்ளையை முதலில் அதில் படுக்கவைத்துப் பழக்குகிறார்கள். அவசரத்துக்கு அழுத்த ஓர் அழுத்துப்பந்தைக் கையில் கொடுக்கிறார்கள். கட்டமைப்புப் படம் எடுக்கும் நேரத்தில் திரையில் கார்ட்டூன் ஓடுகிறது. அமெரிக்கக் குழுவிடம் போலி ஸ்கேனர் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அவர்களுடைய 60 பேர் கணக்கு 40க்கு இறங்க நெடுநாள் ஆகாது என்பது என் கணிப்பு.

சேர்ந்தால், சிகிச்சை அமர்வுகளைக் கண்ணாடிக்குப் பின்னாலோ காணொளியிலோ பார்க்க அனுமதி கேளுங்கள். குழந்தைகளுக்கான சிபிடியின் உயிர்நாடி, அஞ்சும் ஒன்றைப் படிப்படியாக எதிர்கொள்ளவைப்பது. பிறர் முன் பேச அஞ்சும் ஒரு பெண், முதல் வாரம் சிகிச்சையாளரோடு கடைக்குப் போய் வாய்திறந்து ஒரு பேனா கேட்பாள். சில வாரம் கழித்துத் தெரிந்தே தவறான காசைக் கொடுத்து, கடைக்காரர் திருத்தும்போது அங்கேயே நிற்பாள். ‘சிபிடி 12 அமர்வு’ என்று தரவு அட்டவணையில் ஒரே கட்டத்தில் அடங்கும் அந்தச் சொல்லுக்குள், ஒரு பிள்ளை இதை எட்டு முறை செய்திருப்பாள், இன்னொருத்தி ஒரு முறைகூடச் செய்யாமல் பேசியே கழித்திருப்பாள். ஒரே சிகிச்சை என்று நீங்கள் எண்ணிக் கணக்கிடுவது இரண்டு வெவ்வேறு சிகிச்சைகளை.


அலைவரிசை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. அமர்வுக்குள் நடப்பதை அளவிடலாம் என்ற எண்ணமே எனக்கு இதுவரை தோன்றியதில்லை.

ஒரு சந்தேகம். அமெரிக்கக் குழுவின் திட்டத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சிபிடிதான். ஒப்பிடுவதற்கு ஆரோக்கியமான பிள்ளைகள் சிலரையும் இருமுறை ஸ்கேன் செய்கிறார்கள். சிகிச்சைக்கு முந்தைய படத்தை வைத்து யார் குணமாவார் என்று கணிப்பதும் அவர்களுடைய நோக்கங்களில் ஒன்று. சிபிடி பெறாத நோயாளிகள் இல்லாத நிலையில் இந்த நோக்கம் நிறைவேறுமா?


தொலைதூரன் எழுதியது:

அந்தக் கேள்வியைக் குறிஞ்சி அவர்களுக்கு விட்டுவிடுகிறேன்; விசா, நிதி பற்றி மட்டும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் போஸ்ட்டாக்குகள் பலர் பரிமாற்றத் திட்டத்துக்கான ஜே-1 விசாவில்தான் போகிறார்கள். ஆய்வறிஞர் பிரிவில் அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள். முன்பு இந்தியர்கள் பலர் அதன்பின் இரண்டு ஆண்டு ஊர் திரும்பி இருக்க வேண்டும் என்ற நிபந்தனையில் மாட்டிக்கொள்வார்கள். 2024 டிசம்பர் 9 முதல் இந்த நிபந்தனைக்கு அடிப்படையான, நாடுகளின் திறன் பட்டியலிலிருந்து இந்தியா நீக்கப்பட்டதால் அந்தக் காரணத்துக்காக அது இனிப் பொருந்தாது. பரிமாற்றத் திட்டத்துக்கென்றே அரசு நிதி கொடுக்கும்போது மட்டும் அது இன்னும் பொருந்தலாம் என்பதால், ஜே-1க்கான டிஎஸ்-2019 படிவத்தில் நிதி ஆதாரமாக என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படித்துப் பாருங்கள். ஹெச்-1பி வேலை விசாவுக்கு 2025 செப்டம்பரில் ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டதிலிருந்து அந்த வழியை நம்பித் திட்டமிடுவது கடினம்.

ஊதியத்துக்குப் பல பல்கலைக்கழகங்கள் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் உதவித்தொகை அளவையே அடித்தளமாக வைக்கின்றன. 2024 நிதியாண்டில் முதல் ஆண்டு போஸ்ட்டாக்குக்கு அது 61,008 டாலராக இருந்தது. பாஸ்டன் போன்ற நகரத்தில் வாடகை கொடுத்தபின் கையில் மிஞ்சுவது சொற்பம். அந்நிறுவனங்கள் போஸ்ட்டாக்குகளுக்குத் தரும் எஃப்32 உதவித்தொகைக்குக் குடிமக்களும் நிரந்தர வாசிகளும் மட்டுமே விண்ணப்பிக்கலாம். போஸ்ட்டாக்கிலிருந்து சொந்த ஆய்வகத்துக்கு மாற உதவும் கே99 நிதி அப்படியல்ல, வெளிநாட்டவருக்கும் கதவு திறந்திருக்கிறது. ஆனால் போஸ்ட்டாக் அனுபவம் நான்கு ஆண்டுகளைத் தாண்டியிருக்கக் கூடாது. எனவே போய்ச் சேர்ந்த இரண்டாம் ஆண்டிலேயே அதற்கான தரவு கையில் இருக்க வேண்டும். சிகிச்சை ஆய்வில் நோயாளிகளைச் சேர்ப்பதற்கே அவ்வளவு காலம் ஆகிவிடும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஜெர்மனிக்கானால் மேரி கியூரி போஸ்ட்டாக் உதவித்தொகை உண்டு. எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் அந்த நாட்டில் வசித்திருக்கக் கூடாது. விண்ணப்பத்தின் கடைசி நாளுக்குள் முனைவர் பட்டத்துக்கான தேவைகளை நிறைவுசெய்திருக்க வேண்டும் என்பதால், உங்கள் வாய்மொழித் தேர்வுத் தேதியை விரைவுபடுத்துங்கள்.

நாட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய சூழல் வந்தாலும் வழியில்லாமல் இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் முன்னின்று நடத்திய சிவேதா கூட்டாய்வு, ஆறு முதல் 23 வயது வரையிலானவர்களை ஏழு மையங்களில் சேர்த்தது. அதில் மூளைப் படங்களும் உண்டு.


குறிஞ்சி எழுதியது:

உங்கள் சந்தேகம் மிகச் சரியானது. இந்தத் துறையின் பலவீனமே அதில்தான் இருக்கிறது.

பதற்றக் கோளாறு உள்ள பிள்ளைகளைப் பற்றி 2008இல் வெளியான கேம்ஸ் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு முதல் 17 வயது வரையிலான 488 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் நான்கு பிரிவுகளாக்கினார்கள். 12 வாரங்களில் சிபிடியும் செர்ட்ரலின் மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களில் 80.7 சதவீதமும், சிபிடி மட்டும் பெற்றவர்களில் 59.7 சதவீதமும், செர்ட்ரலின் மட்டும் பெற்றவர்களில் 54.9 சதவீதமும் நன்கு தேறினார்கள். போலி மாத்திரை பெற்றவர்களிலும் 23.7 சதவீதம் தேறினார்கள் என்பதுதான் உங்கள் கேள்விக்கு முக்கியம். சிபிடி மட்டும் கொடுத்த ஆய்வில் தேறுபவர்களுக்குள் இப்படி எது கொடுத்தாலும் தேறியிருக்கக்கூடியவர்களும் கலந்திருப்பார்கள். உங்கள் கணிப்பு மாதிரி அவர்களைத்தான் அடையாளம் காட்டுகிறதென்றால், அது நோயின் போக்கைக் கணித்திருக்கிறது. சிபிடியின் பலனைக் கணிக்கவில்லை. மருத்துவருக்கு வேண்டியதோ, இந்தப் பிள்ளைக்கு மாத்திரையைவிட சிபிடி பொருத்தமா என்ற விடை. குறைந்தது இரண்டு சிகிச்சைகளுக்கு இடையே குலுக்கிப் பிரிக்காத வரை அந்த விடை கிடைக்காது. ஆரோக்கியமான பிள்ளைகளை இருமுறை ஸ்கேன் செய்வது பிள்ளை இயந்திரத்துக்குப் பழகிப்போவதன் விளைவைக் கழிக்க உதவும், இதற்கு உதவாது.

2013இல் வந்த, பரவலாக மேற்கோள் காட்டப்படும் டோர்மன் ஆய்வுக்கும் இதே எல்லை உண்டு. சமூகப் பதற்றக் கோளாறு உள்ள 39 பேருக்கு சிபிடி கொடுப்பதற்கு முன், கோபமுகங்களைக் காட்டிப் படமெடுத்தார்கள். சிகிச்சையின் பலனோடு தொடர்பு காட்டியது எல்லோரும் எதிர்பார்த்த அமிக்டலா அன்று, பார்வையைக் கையாளும் மூளைப் புறணியின் உயர்நிலைப் பகுதிகள். எதிர்பாராத முடிவு என்பதால் எனக்குப் பிடித்த கட்டுரை அது. ஆனால் அந்த 39 பேருக்கும் சிபிடிதான்.

ஆகையால் அமெரிக்கக் குழு சரியில்லை என்று நான் சொல்லவில்லை. சிகிச்சையின்போது மூளையில் என்ன மாறுகிறது என்ற கேள்வியோடு போனால் அவர்களுடைய திட்டம் போதுமானது, மருத்துவர் சொன்னபடி அமர்வுக்கு அமர்வு எதிர்கொண்ட அச்சங்களைப் பதிவுசெய்து அந்த மாற்றத்தோடு பொருத்திப் பார்த்தால் இன்னும் கூர்மையாகும். யார் குணமாவார் என்ற கணிப்பை முதன்மை நோக்கமாக அவர்கள் வைத்திருந்தால், ஒரு காத்திருப்புப் பிரிவையாவது சேர்க்க முடியுமா என்று நேர்காணலிலேயே கேளுங்கள். கேட்பதற்காக வருத்தப்படும் ஆய்வகத்தலைவரிடம் மூன்று ஆண்டு கழிப்பது எப்படியும் சிரமம்.

தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் நிதியில் நடக்கும் சிகிச்சை ஆய்வு என்றால், அது கிளினிக்கல்டிரயல்ஸ்.கவ் தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். தேடி எடுத்து, முதன்மை அளவீடாக எதைக் குறித்திருக்கிறார்கள், பிள்ளையின் முன்னேற்றத்தை மதிப்பிடுபவருக்குச் சிகிச்சை விவரம் மறைக்கப்படுகிறதா என்ற இரண்டையும் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம்.